காகிதக் கோப்பை

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம். முட்டி வலி குறைந்ததா? நான் நலம். காசநோய் மாத்திரை மூன்றாம் மாதம் ஓடுகிறது. சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

நேற்று இங்கே ஒரு கூத்து. குவாலா சிலாங்கூர் தோட்டங்களில் காசநோய் மருந்து கொடுக்கப்போகும் இருபது ஊழியர்களுக்கு வகுப்பெடுத்தேன். நானும் இதே மாத்திரை சாப்பிடுகிறவள்தான் என்று சொல்லித்தான் தொடங்கினேன். ‘இந்த நோய் கோப்பை வழியாகத் தொற்றுமா?’ என்று தேர்வில் கேட்டிருந்தேன். தொற்றாது என்று இருபது பேரும் எழுதினார்கள். அப்புறம் தேத்தண்ணி வந்தது. அவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பை, எனக்கு மட்டும் காகிதக் கோப்பை.

“மிஸி, உங்களுக்குத் தனியா எடுத்து வச்சேன் லா, தப்பா நினைக்காதீங்க,” என்றாள் துளசி. வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான்.

சிரித்துக்கொண்டே குடித்தேன். இவர்களை நம்பித்தான் நோயாளிகளை விடப்போகிறோம்.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். கிறிஸ்மஸுக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வையுங்கள். எனக்காகப் பின்னறையைச் சுத்தம் செய்ததாகச் சொன்னீர்களே, அது வேண்டாம். எப்போதும்போல எல்லாரோடும் கூடத்திலேயே படுத்துக்கொள்கிறேன்.

வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். என் எவர்சில்வர் குவளை இன்னும் மற்ற குவளைகளோடுதான் இருக்கிறதா, அம்மா?

உங்கள் மகள்,
முரியல்