சோற்றைச் சுருட்டும் வேலை

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒன்பது நாள் கழித்து இன்றைக்குத்தான் தண்ணீர் விட்டார்கள். இரண்டு டிரம்மும் ஐந்து குடமும் நிரப்பி முடித்தபோது இடுப்பு விட்டுப்போனது. காம்பவுண்டில் ஏழு வீடு. மற்ற ஆறு வீட்டிலும் தூக்கிக் கொடுக்க ஆம்பளை ஆள் இருக்கிறது.

பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அங்கே ஜப்பானில் மணி இரண்டரை. வேலையை மாற்றிவிட்டார்களாம். இதுவரை அந்தச் சாப்பாட்டுக் கம்பெனியில் டப்பாவுக்குள் காய் அடுக்கிக்கொண்டிருந்தார். இனிமேல் சுஷி. கறுப்பாகக் கடல்பாசித் தாள் ஒன்று, அதன்மேல் சோறு, நடுவில் வெள்ளரிக்காயோ மீனோ வைத்துப் பாய் மாதிரி சுருட்டுவது. "ரூம் பூரா ஐஸ் மாதிரி இருக்கும்ட்டி. கை மரத்துப் போவுது" என்றார். பிறகு, "சாப்பிட்டியா?" நான் சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

அவர், மாரிச்செல்வம், ஜப்பான் போய் ஒரு வருடம் ஏழு மாதம். போகும்முன் பெருமாநல்லூரில் நான் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியிலேயே அயர்ன் மாஸ்டர். நான் செக்கிங், தைத்த பீஸில் ஓட்டை, கறை பார்க்கிற வேலை. இப்போதும் அதே செக்கிங் டேபிள்தான். போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது எல்லாம் ஞாபகம் வருகிறது. அதற்குத்தான் இந்த நோட்டு.

ஆகஸ்ட் 13, புதன்

சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்மேரியிடம் சொன்னேன். அவள் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள், சாத்தான்குளத்துக்காரி. வாயில் சோற்றோடு சிரித்தாள். "சோத்தைச் சுருட்டதுக்கா எங்கண்ணன் ஜப்பானுக்குப் போனாவ?" சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் பீஸ் பார்க்கும்போது அந்தச் சிரிப்பு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு ஓட்டை விழுந்த பீஸைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். எதிர் டேபிள் மைதிலிதான் எடுத்து வைத்தாள். சின்னப் பெண், பொங்கலூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிறாள். "அக்கா, அண்ணன் பண்றதைய நாமளும் ஒரு நாளைக்குப் பண்ணிப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அவரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒனக்கு என்னத்துக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு வீடியோ அனுப்பினார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று என் வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டோம். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

கடல்பாசித் தாளை மைதிலி போனில் ஆர்டர் போட்டு வரவழைத்திருந்தாள். ரோஸ்மேரி அதை மோந்து பார்த்து, "எங்க ஊருக் கடக்கரை வாடை" என்றாள். பச்சரிசியைக் குழைய வடித்து வினிகரும் சீனியும் உப்பும் போட்டுக் கிளறினோம். மீன் கிடைக்கவில்லை. வெள்ளரிக்காய், கேரட், முட்டை பொரித்து நீளநீளமாக வெட்டியது. சுருட்டுகிற பாய்க்குப் பதில், சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே போடுகிற மூங்கில் குச்சி விரிப்பு.

அவரை வீடியோவில் கூப்பிட்டுப் போனைச் சீனிச் சம்படத்தில் சாய்த்து வைத்தோம். "சோத்த ஓரம் வரைக்கும் பரத்தாதீங்க… கையில தண்ணி தொட்டுக்கோங்க… இறுக்குட்டி, இன்னும் இறுக்கு." என்னுடையது வெட்டும்போது வாயைப் பிளந்துகொண்டது. ரோஸ்மேரி சுருட்டியது தலையணை மாதிரி இருந்தது. மைதிலிக்கு மட்டும் ஒன்று உருப்படியாக வந்தது. அதைத் தூக்கிப் போன் முன்னால் காட்டி அவள் ஆடிய ஆட்டம்! சிரித்துச் சிரித்துப் புரையேறியது எனக்கு.

"ஏனுங்கண்ணா, தினமும் இதையேதான் சாப்புடுவீங்ளா?"

"ஆமாம்மா. ஞாயித்துக்கெழம கூட்டாளிகள்லாம் சேந்து உக்காந்து சாப்பிடுவோம்."

அவருக்கு அங்கே கூட்டாளிகள் இருப்பது எனக்கே இன்றுதான் தெரியும். சந்தோஷம்தான்.

மூன்று மணிக்கு இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஆறு துண்டு மிச்சம். நான் மட்டும் உட்கார்ந்து தின்றேன். நேற்று வரை இந்த வீட்டின் அமைதி பழகியிருந்தது. இன்று பழகாத மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

ஆறு நாளாகக் கூப்பிடவில்லை. 'வேலை' என்று ஒரே வார்த்தை மெசேஜ்.

செப்டம்பர் 4, வியாழன்

வாட்ஸ்அப் படம் மாற்றியிருக்கிறார். எட்டு பேர் நிற்கிறார்கள், எல்லோரும் வெள்ளை உடுப்பு, தலையில் குல்லா. அவர் பக்கத்தில் ஒரு பொம்பளை, இரண்டு விரலைத் தூக்கிக்காட்டிக் கண்ணால் சிரிக்கிறாள். மாஸ்க் போட்டிருப்பதால் வயது தெரியவில்லை. கண் மட்டும் தெரிகிறது.

யார் இது? கேட்கலாமா? கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்பார். கேட்காமல் இருந்தால் — இருக்க முடியுமா என்னால்?

வீட்டு ஓனர் சாரதாமணியம்மா வாசல் தெளிக்கும்போது, "ஏங்கண்ணு, ஊட்டுக்காரரு எப்ப வாராருங்க?" என்றார். தீபாவளிக்கு என்று சொல்லி வைத்தேன். பொய்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மறுபடியும் சுஷி. ரோஸ்மேரி சூரை மீன் வாங்கி, மிளகுத்தூள் போட்டு வதக்கிக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை அவரைக் கூப்பிடவில்லை. மூன்று பேருக்குமே நன்றாக வந்தது. தட்டில் வட்டமாக அடுக்கிப் படம் எடுத்து அனுப்பினேன்.

நீல டிக் விழுந்துவிட்டது. பார்த்துட்டாரு. பார்த்துட்டு ஒரு வார்த்த இல்ல. நான் யாருக்காக இதச் செஞ்சேன்? இவளுகளுக்காகவா? அந்த வினிகர் வாடையே எனக்குப் புடிக்கல. அவரு கை படுத சாமான் நம்ம கையிலயும் படட்டும்னுதான செஞ்சேன். அது அவருக்குத் தெரியவே தெரியாதா?

செப்டம்பர் 22, திங்கள்

'நல்லாருக்கு.' பதினெட்டு மணி நேரம் கழித்து.

அக்டோபர் 1, புதன்

லீவு கொடுத்துவிட்டார்களாம்! 17ஆம் தேதி வருகிறார். திரும்பிப் போக நவம்பர் 7க்கு டிக்கெட். சாரதாமணியம்மாவிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. வீட்டுச் சுவரெல்லாம் துடைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் முதலில் அடையாளம் தெரியவில்லை. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து சாம்பார் சோறு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

போனில் பேசியபோது இருந்த ஆள் வேறு மாதிரி. இவரிடம் எப்படிக் கேட்பது அந்தப் படத்தைப் பற்றி?

அக்டோபர் 21, செவ்வாய். கயத்தாறு

அவர் ஊரில் தீபாவளி முடிந்தது. அத்தை, வருகிறவர்களிடம் எல்லாம், "எம்மவன் இன்னும் மூணு வருசம் இருந்துட்டா வீட்டுக்கு மேல மாடி எடுத்துருவோம்" என்கிறார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நவம்பர் 2, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

ரோஸ்மேரியும் மைதிலியும் வந்திருந்தார்கள். "அண்ணன் கையால சாப்புட்டே ஆவணுமுங்க" என்று தாள், மீன், காய் எல்லாம் வாங்கியே வந்துவிட்டாள் மைதிலி. அவர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு எழுந்துபோய் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவினார். துடைத்தார். மறுபடியும் கழுவினார். துண்டை எடுத்துத் தலைமுடி ஒன்று தெரியாமல் இறுக்கிக் கட்டினார். நாங்கள் சிரித்தோம்.

உட்கார்ந்து ஆரம்பித்தார். தாள், சோறு, வெள்ளரிக்காய், சுருட்டு. தாள், சோறு, மீன், சுருட்டு. சோற்றை எடுக்கும்போது பார்க்கவே இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே பிடி. "அண்ணா, மெதுவாப் பண்ணுங்க, நாங்க பாத்துக்கறமுங்க" என்றாள் மைதிலி. காதில் விழவில்லை. "உப்பு போதுமாண்ணே?" என்றாள் ரோஸ்மேரி. அடுத்த தாளை எடுத்தார். நாங்கள் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்திருப்பதே தெரியாதவர் மாதிரி. எங்கள் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

தாள் தீர்ந்துவிட்டது. அவர் இடது கை நீண்டு, தாள் இருந்த இடத்தைத் தொட்டது. வெறும் தரை. மறுபடியும் நீண்டது. மறுபடியும்.

ரோஸ்மேரி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, "அண்ணே, முடிஞ்சிட்டு. சாப்பிடுவோமா?" என்றாள். தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி நிமிர்ந்தார். பதினொரு உருளை, ஒன்று போல, வரிசையாக.

அவர் ஒரு துண்டு கூட எடுக்கவில்லை. "தினமும் சாப்புடுவேன்னு சொன்னீங்களேண்ணா" என்று மைதிலி வெகுளியாகக் கேட்டுவிட்டாள்.

"வேல நேரத்துல வாயில வைக்கக் கூடாதும்மா. வெளிய வந்தா அந்த வாடையே ஆவாது எனக்கு."

மீதியை டப்பாவில் எடுத்து வைத்தேன். போகும்போது ரோஸ்மேரி என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

நவம்பர் 3, திங்கள்

லீவு போட்டேன். காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலேயே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். அந்தப் படத்தைக் கேட்டேவிட்டேன்.

"அது லைன் லீடரம்மா. அறுபத்திரண்டு வயசு. ரிட்டயர் ஆனாங்க. கம்பெனிக்காரங்க எல்லாரையும் நிறுத்தி வச்சு எடுத்தாங்க."

"அப்ப ஞாயித்துக்கெழம ஒண்ணா சாப்பிடுத கூட்டாளிங்க?"

"அப்படி யாரும் இல்லட்டி." துணியின் நிழல் அவர் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "ரூம்ல மூணு பேரு. ரெண்டு நேபாளி, ஒரு வியட்நாம் பையன். நான் வரும்போது அவங்க வேலைக்குப் போவாங்க. இந்த இருபத்தொரு மாசத்துல ஒருத்தன்கூட உக்காந்து ஒரு வாய் தின்னது கெடையாது. லைன்ல பேசக் கூடாது. பேசுனாலும் பாதி புரியாது. ஒரு நாளைக்கு ஒனக்குப் போன் பண்ணுத நேரம் மட்டுந்தான் என் சத்தமே எனக்குக் கேக்கும்."

"பொறவு ஏன் கூப்பிடாம இருந்தீங்க? ஆகஸ்டுல, அத்தன நாளு?"

"அன்னைக்கு நீங்க மூணு பேரும் சிரிச்சீங்கல்லா… போன வச்ச பொறவு ரூம்ல இருக்க முடியல. ரயிலடி வரைக்கும் நடந்தேன். மறுநாளு கூப்பிட்டா அழுதுருவேன்னு இருந்துச்சு. அதான்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நான் இங்கே குடம் தூக்கி, வாய்க்கு வந்ததைத் தின்று, அந்தப் பொம்பளையின் கண்ணையே பார்த்துப் பார்த்து — இதெல்லாம் எதற்கு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டேன். கத்திக் கேட்டேன். கீழ் வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

"நீ மட்டும் சொன்னியா?" என்றார்.

இல்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 5, புதன்

பெட்டியை எடுத்து வெளியே வைத்திருக்கிறார். பாதி அடுக்கியிருக்கிறது. நான் போகாதீங்க என்று சொன்னால் நாளைக்கு எல்லாப் பழியும் என்மேல். சொல்லாவிட்டால் இந்தக் கழுத்து எலும்போடு போய்விடுவார்.

சொன்னேன். "போகாதீங்க."

"அம்மாட்ட யாரு சொல்லுவா?"

"நான் சொல்லுதேன்."

நவம்பர் 6, வியாழன்

அத்தையிடம் சொல்லிவிட்டேன். "எம்பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. நீதான் தனியா இருக்க மாட்டாம அவன் வாழ்க்கையக் கெடுக்க" என்றார். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. பாதி உண்மைதானே. போனை வைத்துவிட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

விமானம் மதியம் இரண்டு மணிக்கு. நான் வேலைக்குப் போனேன். இரண்டு மணிக்கு மைதிலி மணியைப் பார்த்தாள், ரோஸ்மேரி வந்து என் டேபிள் பக்கத்தில் சும்மா நின்றுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பெட்டி அதே இடத்தில்.

நவம்பர் 13, வியாழன்

வீட்டில் இரண்டு பேர் இருந்தும் சத்தமில்லை. வெளியே போகவே மாட்டேன் என்கிறார். காம்பவுண்டில் யாராவது "எப்பங்க போறீங்க?" என்று கேட்டுவிடுவார்களாம். முன்னால் ஒருத்தியாக இருந்தேன். இப்போது பக்கத்தில் ஆள் இருந்தும் அதேதான். நான் செய்தது சரிதானா? யாரிடம் கேட்பது?

நவம்பர் 19, புதன்

ரோஸ்மேரி சொல்லித்தான் அயர்ன் செக்ஷன் சூப்பர்வைசர் லிங்கசாமி இவரைக் கூப்பிட்டுவிட்டார். "பழைய ஆளு, திங்கக்கிழமையே வரச் சொல்லுங்க" என்றாராம். சொன்னேன். "ம்" என்றார்.

நவம்பர் 24, திங்கள்

எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். சட்டையை அவரே தேய்த்துக்கொண்டார். புளிக்குழம்பும் அவரைக்காயும் கட்டிக்கொடுத்தேன்.

அயர்ன் செக்ஷன் கீழே, செக்கிங் இரண்டாம் மாடி. சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சரக்கு ஏற்றுகிற இடத்து நிழலில் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ரோஸ்மேரி, "கூப்பிடேன்ட்டி" என்றாள். நான் கூப்பிடவில்லை.

அத்தை இன்னும் பேசவில்லை. இன்று போன் பண்ணினேன், எடுக்கவில்லை. நாளைக்கும் பண்ணுவேன்.

ஏழு மணிக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை. தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு, குரலில் கோபம் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு சொன்னார்:

"கொழம்பு பத்தலட்டி. பாதியப் பக்கத்துல இருந்தவனுங்களே தின்னுட்டானுங்க. நாளைக்குக் கூட வையி."