பதில் இழுக்காத ரோபோ

அன்பு மாப்ளே செல்வத்துக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்குத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். கை வலிக்கிறது, மனசும் அசந்து கிடக்கிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துப் படி.

நம் தீவில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக்கு ரோபோ வந்துவிட்டதடா! கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்க இனிமேல் உன்னை மாதிரி டைவர் கடலுக்குள் இறங்க வேண்டாமாம், அது இறங்குமாம்.

நோட்டில் நீ எழுதிய கதையை நினைத்துக்கொண்டு கப்பல்துறைக்குப் போனேன். உன் ரோபோ எட்டடி உயரம், சிவப்புக் கண். கடலடியில் நடக்கும், இந்தியில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும், கடைசிப் பக்கத்தில் யாரையாவது காப்பாற்றிவிட்டுத் தன் உயிரை விடும். வந்திருப்பது ஒரு மஞ்சள் பெட்டி. என் தங்கச்சி தேவகி துணி ஊறவைக்கும் பக்கெட் அளவுதான். கையில்லை, காலில்லை, முகம் இல்லவே இல்லை. முன்னால் கேமராவும் இரண்டு விளக்கும், பின்னால் நீள ஒயர். "இதுக்கா மச்சான் இவ்ளோ பில்டப்பு?" என்று கேட்டிருப்பாய்.

அதை ஓட்ட மெயின்லேண்டிலிருந்து ரூபா என்று ஒரு என்ஜினியர் பெண் வந்திருக்கிறாள். ஒயரைப் பிடித்து விட்டுக்கொடுக்க என்னை நிறுத்தினார்கள். உனக்குக் கயிறு பிடித்தவன், அனுபவம் இருக்கிறதாம்.

பழக்கதோஷம் மாப்ளே. நாலைந்து நிமிஷம் கழித்து ஒயரை ஒரு தடவை சுண்டி இழுத்தேன். கீழே இருக்கும் உன்னிடம் "நல்லா இருக்கியா?" என்று கேட்க இழுப்பேனே, அதே இழுப்பு. பதில் இழுப்பு வரவில்லை. மறுபடியும் இழுத்தேன். ஒன்றுமில்லை. அவ்வளவுதான், என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. வெறி பிடித்தவன் மாதிரி வாரி இழுத்தேன். பெட்டி கப்பலில் மோதி மோதி மேலே வந்தது. ஒயர் செருகும் இடம் உடைந்திருந்தது.

"அங்கிள், க்யா கர் தியா ஆப்னே!" என்று ரூபா இந்தியில் கத்தினாள், என்ன செய்துவிட்டீர்கள் என்று.

"ஜவாப் நஹி ஆயா, பேட்டி," என்றேன், பதில் வரவில்லை மகளே என்று.

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் குரலைத் தணித்து, "இஸ்கோ குச் நஹி ஹோதா, அங்கிள்," என்றாள். இதற்கு ஒன்றும் ஆகாதாம்.

நீ போன அன்றைக்கு உன்னிடமிருந்தும் பதில் வரவில்லை. நீ கீழே கதை யோசித்துக்கொண்டு எப்போதும் லேட்டாகத்தான் பதில் இழுப்பாய். அப்படித்தான் என்று நினைத்து, கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் உன்னை இழுத்தேன். நெஞ்சடைப்பு, முன்னாலேயே தூக்கியிருந்தாலும் கஷ்டம்தான் என்றார் டாக்டர். அது அவருக்கு எப்படித் தெரியும்?

ஊருக்கெல்லாம், பதில் வராத உடனே இழுத்ததாகத்தான் சொன்னேன். தேவகியும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறாள். ஜங்லிகாட்டில் உன் வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்கண்ணன் கயிறு பிடிச்சும் அவர் போயிட்டாரே, அப்போ விதிதான்" என்கிறாள். சொல்லிவிட்டு என் முன்னால் டீ டம்ளரை வைக்கிறாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறேன். சர்க்கரை போதவில்லையா என்று கேட்கிறாள்.

சினிமாவில் ரோபோ வந்தால் மனுஷனை ஆட்டிவைக்கும். இது நம் வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. திட்டலாம் என்று பார்த்தேன், வாய் வரவில்லை. மூன்று வருஷம் முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா? நீ கப்பல்துறையில் உட்கார்ந்து அதைக் கிண்டலடித்துக்கொண்டிருப்பாய்.

ரூபா பெட்டியைச் சரிசெய்துவிட்டாள். நாளைக்கும் ஒயர் பிடிக்க நான்தான்.

இன்று சாயங்காலம் தேவகியிடம் போகிறேன். அவள் அழுதாலும் சரி, இனி வாசல்படி மிதிக்காதே என்றாலும் சரி. உன்மேல் சத்தியம் மாப்ளே, இந்தத் தடவை அவள் டீ போட எழுந்திருக்கும் முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

உன் தேவகியின் அண்ணன்,
உனக்குக் கயிறு பிடித்த மச்சான்,
முருகேசன்