வாசலுக்கு இரண்டு செடி

8 ஜூன் 2025, ஞாயிறு

எழுத்து ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கிறது. படிக்கப்போவது நான் மட்டும்தான், ஆனாலும் பக்கிரிசாமியாகிய நான் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுபத்திரண்டு வயதில் ஞாயிறு வகுப்பில் கற்றது. 'ழ' இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் எழுதுகிறேன்!

விஷயம் இதுதான். என் மனைவி லெட்சுமிக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவள் வாசற்படி தாண்டவில்லை. நடக்காவிட்டால் கால் விறைத்துவிடும், பிறகு சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்கிறாள்: "வெளிய என்னா இருக்கு, நான் போயி பாக்க?"

நியாயமான கேள்வி. வாசல் கதவுக்கு இருபுறமும் வெறும் மண். செடி வைக்கப் போகிறேன்.

10 ஜூன்

காகிதப்பூ வைக்கலாமா என்றேன்.

"முள்ளுச் செடிய வாசல்ல வைப்பாங்களா? படிப்பு வந்ததும் உங்களுக்குப் புத்தி போயிருச்சு."

காகிதப்பூ இல்லை.

14 ஜூன்

மகன் சுகுமாரன் காரில் புக்கிட் மெர்தாஜாம் டவுனில் இருக்கும் செடிக்கடைக்கு அழைத்துப்போனான். மொட்டு வைத்த மல்லிகை ஒன்று வாங்கி, இடப்பக்கம் நட்டேன். லெட்சுமியை வந்து பறித்துக்கொள்ளச் சொன்னேன்.

"நீங்களே பறிச்சிட்டு வாங்க."

பறித்துக் கொடுத்தேன். உட்கார்ந்தபடியே கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். அழகாக இருந்தாள். கால்தான் மடங்கவில்லை.

15 ஜூன்

இன்றும் நான்தான் பறித்தேன்.

19 ஜூன்

வலப்பக்கத்துக்குச் செம்பருத்தி? பள்ளிக்கூடம் மாதிரி இருக்குமாம். நந்தியாவட்டை? கோயில் மாதிரி இருக்குமாம்.

என்னதான்டி வேணும் ஒனக்கு? காலு போச்சுன்னா ஒன்ன யாரு தூக்குறது? எனக்கே இடுப்பு இல்ல —

இதை அவளிடம் சொல்லவில்லை. எழுத்து இதற்கும் பயன்படுகிறது.

21 ஜூன்

சலித்துப்போய், கறிவேப்பிலை வாங்கி நட்டுவிட்டேன்.

"அதப் போயி யாராச்சும் வாசல்ல வைப்பாங்களா? தெருவே வந்து பறிக்கும்" என்றாள்.

அதை நான் யோசிக்கவில்லை. எங்கள் தெருவில் கறிவேப்பிலையை யாரும் கேட்டுப் பறிப்பதில்லை.

26 ஜூன்

நான் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஹபீபா பீவி கையில் கரண்டியோடு வந்து செடியை வளைத்தாள். உள்ளேயிருந்து குரல்.

"அடியே ஹபீபா! கொழுந்த ஒடிக்காதடி!"

"மீன் கறி கொதிக்குது லா அக்கா. ரெண்டு இணுக்குதான்!"

"இணுக்கு கேட்டா குடுக்க மாட்டனா? கழுத்தையே முறிக்கிறியே!"

லெட்சுமியின் இரண்டாவது பேச்சு கதவருகில் கேட்டது. மூன்றாவதற்கு லெட்சுமி படியிறங்கி, சுவரைப் பிடித்தபடி செடிக்குப் பக்கத்தில் நின்றாள். "அடியிலேர்ந்து எடுக்கணும், இப்படி" என்று பறித்துக் காட்டினாள். ஹபீபா முறைத்தாள். நான் பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினேன்.

கறி தீய்ந்த வாசனை வரும்வரை இருவரும் நின்று பேசினார்கள்.

3 ஜூலை

செடி பாதி மொட்டை. யார் வருகிறார்கள் என்று பார்க்க லெட்சுமி காலையும் மாலையும் வெளியே போகிறாள். டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்து, என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். "சண்ட" என்றாள்.

இன்னொரு கறிவேப்பிலை வேண்டுமாம், தெருப்பக்கக் கேட்டை ஒட்டி. "எல்லாரும் அங்கயே நின்னு பறிக்கட்டும். என் மல்லிய மிதிக்கிறாங்க."

வாங்கி வந்துவிட்டேன். மீதியை அடுத்த வாரம் எழுதிக்கொள்கிறேன். குழி எங்கே என்று காட்ட, கேட்டருகில் நின்று கூப்பிடுகிறாள்.