பிலிமில் தெரிந்த வளையல்

அண்ணி,

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னால் சுருண்டு கிடந்தது உங்கள் எக்ஸ்ரே பிலிம். பழுப்புக் கவரைக் கரையான் பாதி தின்றுவிட்டது, பிலிமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் சுண்ணாம்புக் கையோடு அதை எடுத்து, "ஒண்ணும் இல்லாத பிலிம்தான? குப்பைல போட்டுரவா?" என்று கேட்டார். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். விரல் விரித்த இரண்டு கைகள். வலது மணிக்கட்டில் வெள்ளை வெளேரென்று இரண்டு வளையம். காலையிலிருந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரே வீட்டில் பதினோரு வருஷம் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? எனக்கு வாய்க்குப் பஞ்சமில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் உங்களிடம் பேசித் தீர்த்திருக்கிறேன்.

மங்கலம்பேட்டையில் கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் ஒரே ஒரு பையோடு நான் வந்து நின்ற மத்தியானம் நினைவிருக்கிறதா? அண்ணன் முகம் இருண்டுபோனது. நீங்கள்தான், "பைய உள்ள வச்சிட்டுக் கை கழுவு செல்வி. சோறு ஆறுது" என்றீர்கள். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் நீங்கள் வேலை பார்த்த செராமிக் கம்பெனியிலேயே எனக்கும் வேலை வாங்கிக் கொடுத்தீர்கள்.

உங்களுக்கு அச்சில் மண் கூழ் ஊற்றுகிற வேலை. ஊற்றியது இறுகியதும் அச்சைப் பிரித்து, ஜாடியின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து நேராக்க வேண்டும். கை எந்நேரமும் தண்ணீரில்தான். எனக்குத் தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து இறங்கிய ஊறுகாய் ஜாடியை இடது கையில் ஏந்தி, வலது கை விரல் முட்டியால் தட்ட வேண்டும். நல்ல ஜாடி கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் டொக்கென்று அடங்கிவிடும். மேலே மினுமினுவென்று பூச்சு இருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. "கண்ண நம்பாத, காத நம்பு" என்றுதான் சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். அந்தக் கொட்டகையில் என் காதை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அண்ணன் வேலை பார்த்த வேறொரு கம்பெனியின் சூளை நின்றுபோன பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. அவர் வேப்பூர் கூட்டுரோட்டில் ஒரு ஓட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசையப் போனார். நாற்பதை நெருங்கும் வயதில் புதுத் தொழில். வாரத்துக்கு ஒருமுறை வந்து, யாரோடும் பேசாமல் படுத்துத் தூங்கிவிட்டுப் போவார். உங்கள் கையிலிருந்த தங்க வளையல் அடகுக் கடைக்குப் போனது. வெறுங்கையாக இருக்கக் கூடாதென்று கோயில் கடைத்தெருவில் இரண்டு கவரிங் வளையல் வாங்கினீர்கள். பக்கத்தில் நின்றது நான்தான். எண்ணெய் சோப்பு எதுவும் இல்லாமல் சர்ரென்று ஏறிக்கொண்டன.

அந்த மழைக்காலத்தில் காலையில் எழுந்ததும் உங்களால் விரலை மடக்க முடியாமல் போயிற்று. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்க என்னைக் கூப்பிடுவீர்கள். ஜடை பின்ன மகளை எதிர்வீட்டுக்கு அனுப்புவீர்கள். பத்து மணி ஆகிவிட்டால் கை கொஞ்சம் இளகும். சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்த்துச் சிரிப்பீர்கள். இதைக் கவனித்துக் கவனித்து நான் ஒரு கணக்குப் போட்டேன். வேலை இருக்கும்போது வலிக்கிறது, டிவி இருக்கும்போது வலிக்கவில்லை. வீட்டில் இரண்டு பேர் சம்பளம் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில், வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் லீவு போட்டது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு மட்டும் உடம்பு இரும்பா?" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். உங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு டாக்டரிடம் போய், அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு எக்ஸ்ரே எடுக்கப் போனோம். எடுப்பவர், "வளையலக் கழட்டிருங்கம்மா" என்றார். நீங்கள் இழுத்துப் பார்த்தீர்கள், வரவில்லை. நான் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டு இழுத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள், கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "வுடு செல்வி, வுட்டுடு." அவரும் சலித்துப்போய், "சரி வாங்க, வளையலோடவே எடுத்துக்கலாம்" என்றார். ரெண்டு வளையலைக் கழற்றக்கூட இவ்வளவு நாடகமா என்று நான் முணுமுணுத்தேன்.

டாக்டர் பிலிமைத் தூக்கிப் பார்த்தார். எலும்பு நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"நான் பொய் சொல்லல செல்வி. நெசமாவே வலிக்குது. நீயாச்சும் நம்பு."

"பிலிம்லயே ஒண்ணும் இல்லங்குறாங்க, நான் என்னத்த நம்பட்டும் அண்ணி?"

அதுதான் நான் சொன்னது. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்காக நாளெல்லாம் ஜாடிகளைக் கழித்துப் போட்ட கை, மறுநாளும் அதே வேலையைத்தான் செய்தது. பளபளவென்றிருந்த ஜாடிகளைக் காதுக்குப் பிடிக்கவில்லை என்று தள்ளி வைத்தேன். பெற்ற தாயைவிட அதிகமாக என்னைத் தாங்கிய மனுஷி வாய்விட்டுச் சொன்னது மட்டும் என் காதில் ஏறவில்லை.

அதற்கப்புறம் நீங்கள் வலியைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை. லீவும் போடவில்லை. நீங்கள் பிரிக்கும் அச்சுகளில் ஜாடி கிழிந்து சூப்பர்வைசர் கத்தினாலும் தலை குனிந்தபடி அடுத்த அச்சை எடுத்தீர்கள். மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கி வரச் சொல்வீர்கள். முதலில் ஒன்று, பிறகு காலை ஒன்று மாலை ஒன்று, பிறகு நினைத்தபோதெல்லாம். வாங்கி வந்தது நான்தான். சிடுசிடுப்பு இல்லாமல் வீடு நடந்ததே, எனக்கு அது போதுமாக இருந்தது. இப்படியே நான்கு வருஷம் ஓடிவிட்டது.

அரசாங்கம் கலர் டிவி கொடுத்த சமயத்தில்தான் உங்கள் கால் வீங்கியது. அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூட வந்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த டாக்டரம்மா சின்ன வயது. உங்கள் விரல் ஒவ்வொன்றையும் முட்டி முட்டியாக அமுக்கிப் பார்த்து, "காலைலதான ரொம்ப வலிக்கும்? போகப் போகக் கொஞ்சம் விடும், இல்லையா?" என்று கேட்டார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். முடக்குவாதம் என்றார். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும் என்றார். அப்புறம் இன்னொரு காகிதத்தைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, இத்தனை வருஷம் யாரைக் கேட்டு வலி மாத்திரை போட்டீர்கள், கிட்னி கெட்டுப்போயிருக்கிறதே என்றார்.

இரண்டு சேதியையும் ஒன்றாகத்தான் சொன்னார். உங்கள் காதில் முதல் சேதிதான் விழுந்தது போலும். திரும்பும் வழியில் பண்ருட்டியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பலாச்சுளை வாங்கச் சொன்னீர்கள். கொட்டையை எடுத்து உங்கள் கையில் கொடுத்தேன். மகளுக்கு மார்க் ஷீட் வந்த நாள் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"என் வலிக்குப் பேரு இருக்குதாம் செல்வி."

மன்னிச்சிருங்க அண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் விடவில்லை. வளைந்துபோன விரலால் என் தலையில் மெதுவாகத் தட்டி, காதை அருகில் கொண்டுவந்து, "சத்தம் நல்லாத்தான் வருது. உள்ளதான் ஒண்ணும் இல்ல போல" என்றீர்கள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் அந்த ஒரு வார்த்தை போய்விட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படி நிறைய நாளைகள் கிடைத்தன, சொல்லவில்லை.

கடைசி வருஷம் உடம்பு உருகி எலும்பாகிவிட்டது. ஒருநாள் குழாயடியில் முகம் கழுவும்போது, சோப்புக்கு மசியாத அந்த வளையல்கள் தாமாகவே நழுவித் தண்ணீரில் விழுந்தன. எடுத்து உங்கள் கையில் மாட்டிவிட வந்தேன். "எனக்கு இனி நிக்காது. நீ போட்டுக்க" என்றீர்கள். அன்றிலிருந்து என் கையில்தான் இருக்கின்றன. பூச்சு போய்ப் பித்தளை தெரிகிறது. ஜாடியைத் தட்டும்போது வளையலும் சேர்ந்து ஒலிப்பதால் முழங்கைக்கு ஏற்றி விட்டுக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் கொட்டகையில் யாராவது இடுப்பு வலிக்கிறது, கை வலிக்கிறது என்றால் முதலில் அவர்கள் கையைப் பார்க்கிறேன். காலையில் அதிகமா, சாயங்காலம் அதிகமா என்று கேட்கிறேன். நம்பாமல் யாரையும் அனுப்புவதில்லை. மெடிக்கலுக்குப் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்று சண்டை பிடிக்கிறேன். "செல்வியக்கா டாக்டருக்குப் படிச்சிட்டாங்க" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

ஆனால் அண்ணி, இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கே ஒன்று தெரியாது. பிலிமில் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டாக்டர் எலும்பைப் பார்த்தார், நான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். சர்ரென்று ஏறிய வளையல் ஏன் இறங்கவில்லை என்று யாரும் பார்க்கவில்லை. கை வீங்கியிருந்தது அண்ணி. நீங்கள் சொன்ன அத்தனையும் அங்கேயே, வெள்ளையாக, இரண்டு வட்டமாக இருந்தது. சோப்புப் போட்டு இழுத்த எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் சுண்ணாம்பு வாளியோடு மறுபடி வந்து நின்றார். "என்னா செல்வி, போட்டுரவா? அதுலதான் ஒண்ணும் இல்லியே."

"இருக்குதுண்ணே" என்றேன். "அண்ணி வளையல் இருக்குது. அண்ணி பொய் சொல்லல."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பிலிமை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்வி