சந்தனத்தின் மேல் போட்ட பழி

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் தூறல். சரஸ்வதி பூஜை. பலகையில் புத்தகங்கள், மனைவி வைதேகியின் சமையல் நோட்டு, மாடிவீட்டு கமலா மாமியின் தம்புரா. நடுநாயகமாக என் கம்ப்யூட்டர். மாமியே அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டாள். தாராளக் கை. பெட்டியின் இடுக்கில் வழிந்தது.

வைதேகி உத்தரவு: "நாளைக்குப் புனர்பூஜை ஆற வரைக்கும் யாரும் தொடப்படாது. உங்களைத்தான் சொல்றேன்."

சாயங்காலம் வைதேகியும் மாமியும் தி.நகருக்குக் கொலு பார்க்க. வீட்டில் நான், சுண்டல், கம்ப்யூட்டர்.

தொட்டேன்.

காரணம் எழுதவே கூச்சம். மாமி தினமும் இரண்டிலிருந்து நாலு வரை இதில் உட்கார்ந்து தன் பாட்டு வகுப்புக்கு ஸ்வரம் அடிக்கிறாள். நான் பத்திரிகைக்கு எழுதி வைத்திருக்கும் 'மாடிவீட்டு மிக்ஸி' மாமியின் குரலைப் பற்றி. இரண்டும் ஒரே டிஸ்க்கில். என்றைக்காவது திறந்துவிட்டால்? டிஸ்க்கைப் பிரித்து எனக்கென்று ஒரு 'டி' அறை போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை. பார்ட்டிஷன் என்றால் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக் கூடத்தில் சுவர் எழுப்புகிற மாதிரி, பாத்திரம் பண்டமெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நினைத்தேன். இங்கே வீட்டை இடித்துவிட்டுத்தான் சுவராம். எச்சரிக்கை வந்தது. படித்தேன். சரி என்பதற்கு 'ஒய்' அடித்தேன். பிறகு ஃபார்மட், அதாவது மிச்சமில்லாமல் துடைப்பது. நூறு சதவீதம் முடிந்தது என்று அறிவித்தது.

மாமியின் நூற்று நாற்பது பாட்டுகளும் போச்சு.

கம்ப்யூட்டரை நிறுத்திப் பழையபடி பூவைச் சார்த்தி வைத்தேன்.

அக். 21, திங்கள்

விஜயதசமி. மாமியிடம் புதுப் பிள்ளைகள் சேரும் நாள். பிரிண்ட் எடுக்க வந்தாள்.

"ஒண்ணுமே வரலையே மாமா."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பெட்டியின் இடுக்கைத் தடவினாள். காய்ந்த சந்தனம். "நான்தான். உள்ள எறங்கிடுத்து போலருக்கு."

நான் சொன்னது: "ஈரம் ஆகாதுதான்." அதற்குமேல் பொய் தேவைப்படவில்லை.

மறக்காமல் இருக்க:

1. மாமி ஸ்வரம் எழுதி வைத்திருந்த காகிதங்களைக் கிழித்துப் போடச் சொன்னது நான். "கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு, இனிமே காகிதம் எதுக்கு?"

2. பிரிப்பதற்கு முன் என் கட்டுரைகளை மட்டும் ஃபிளாப்பியில் எடுத்து வைத்தேன். ஆக, ஏதோ ஆகலாம் என்று தெரிந்துதான் இருக்கிறது.

3. சுண்டலையும் மிச்சம் வைக்கவில்லை.

அக். 23, புதன்

நல்ல வெயில். வைதேகி போன் செய்து தனசேகரை வரவழைத்துவிட்டாள். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர். பெட்டியைத் திறந்து ஏதேதோ தட்டினார்.

"டிஸ்க்கு நல்லாத்தான் கீது சார். யாரோ ரெண்டா பிரிச்சு ஃபார்மட் அட்ச்சிருக்காங்க."

"மெதுவா பேசுப்பா." சமையலறையில் வைதேகி.

என்னையே பார்த்தார். "நீயா சார்?"

கூரையில் மின்விசிறி சுற்றுவதைக் கவனித்தேன்.

"அதுக்கப்புறம் இதுல எதுனா ஏத்துனியா?"

"இல்லை."

"அப்போ தேறும். பொருளடக்கம்தான் கிழிஞ்சுது, புக்கு உள்ளதான் கீது. டிஸ்க்க குடு, நாலு நாள்ல முக்காவாசி எட்த்துத் தர்றேன்."

எடுக்கலாம். ஆனால் சந்தனம் இறங்கிச் செத்த டிஸ்க்கிலிருந்து பாட்டு எப்படி வந்தது என்று கேட்பார்களே.

"வேணாம். புதுசு போட்டுடு."

"நல்லா கீற டிஸ்க்க கய்ட்டிட்டா?"

"ஆமாம்."

கழற்றியது இப்போது என் பட்டு வேஷ்டி மடிப்புக்குள். மாமி எட்டிப் பார்த்து, "என்னால உங்களுக்கும் கஷ்டம்" என்றாள். காபி இறங்கவில்லை. முதல் டம்ளர் இறங்கியது. இரண்டாவதுதான்.

அக். 25, வெள்ளி

மாடியில் சத்தமில்லை. திங்களிலிருந்தே இல்லை. அதிகாலைச் சாதகத்தால் தூக்கம் போச்சு என்று ஆறு வருஷம் புலம்பியவன், இன்று அஞ்சு மணிக்கு விழித்துக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

வைதேகி இட்லி வைத்தபடி: "மாமி கோயில்ல நூத்தெட்டு சுத்தறா. சரஸ்வதிக்கு அபசாரம் பண்ணிட்டாளாம். வகுப்பையும் நிறுத்திட்டா."

"வகுப்பை எதுக்கு நிறுத்தணும்?"

"கை ராசியில்லையாம்."

பூஜையில் வைத்ததைத் தொட்ட கை அப்போது ஆறாவது இட்லியில்.

பத்தரைக்கு, வேஷ்டியும் அதன் உள்ளடக்கமுமாக, ரிச்சி தெரு. தனசேகர் ஆச்சரியப்படவில்லை. "வருவேன்னு தெரியும் சார்."

அக். 29, செவ்வாய்

மழை. மூன்று ஃபிளாப்பி. நூற்றுப் பன்னிரண்டு பாட்டு தேறியது. மாடிப்படி ஏறினேன். பாதியில் ஒருமுறை இறங்கினேன். மறுபடி ஏறினேன்.

"சந்தனம் இல்லை மாமி. நான்தான். பூஜையன்னிக்கு, நீங்க கொலுவுக்குப் போயிருந்தப்போ."

ஃபிளாப்பியை அவள் பார்க்கவே இல்லை. "சந்தனம் இல்லையா?"

"இல்லை."

"நெஜம்மா?"

"நெஜம்மா."

"எட்டு நாளா ஏன் சொல்லலை?"

பதில் வைத்திருந்தேன். மூன்று. ஃபிளாப்பிகளைத்தான் நீட்டினேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள், மெதுவாக. பலமாகச் சாத்தியிருக்கலாம்.

வைதேகியிடமும் சொன்னேன். சாதம் போட்டாள். அப்பளம் கிடையாது.

அக். 30, புதன்

சரியாக இரண்டு மணிக்கு மாமி ஃபிளாப்பிகளோடு வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். நான் கொல்லைப்புறத்தில் காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, கொஞ்சம் இங்க வாங்கோ."

திரையில் 'மாடிவீட்டு மிக்ஸி'. தனசேகர் தேறியதையெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறார். என்னுடையதும் தேறியிருக்கிறது. 'அரைபடுவது ராகமா, உளுந்தா' என்ற இடம். மாமி ஒரு வரி விடாமல் படித்தாள். நான் நின்றேன்.

"மூணாவது பாராவுல தோடின்னு எழுதியிருக்கேள். காலம்பற நான் பாடறது பைரவி. திருத்திட்டு அனுப்புங்கோ."

"அனுப்பலை மாமி. அழிச்சிடறேன்."

"நீங்க இனிமே ஒண்ணையும் அழிக்க வேண்டாம்." எழுந்தாள். "இருபத்தெட்டு பாட்டு வரலை. நாளைக்குக் காலம்பற அஞ்சு மணிக்கு வரேன். பக்கத்துல உக்காந்து பாடறேன். நீங்க அடிங்கோ."

உள்ளேயிருந்து வைதேகி சிரிக்கும் சத்தம்.

தோடியைப் பைரவியாக்கினேன். அலாரம் நாலே முக்காலுக்கு.