ஏழாம் சந்தில் இரண்டு பேர்

பிப்ரவரி 11, செவ்வாய்

நான் மாற்றி எழுதிய புரோகிராம் இன்று காலையிலிருந்து கிடங்கில் ஓடுகிறது. எந்த ரேக்கில் எத்தனை பெட்டி, ரேக்குகளுக்கு நடுவே எந்தச் சந்தில் எத்தனை ஆள் — எல்லாமே எண்ணுக்கு எதிரே எண். இந்தக் கணக்கை வைத்திருக்கும் பட்டியலுக்கு மேப் என்று பெயர்; பழைய மேப் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்து மெமரியைத் தின்றுகொண்டிருந்தது. வெறும் எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும் மேப்பை எல்லா இடத்திலும் போட்டுவிட்டேன். டீம் லீடர் திருமலை சார், "தர்ஷினி, சர்வர் இப்பதான்மா மூச்சு விடுது" என்றார். சிப்காட்டுக்கு வந்த இந்த மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

பிப்ரவரி 13

ஒரு புகாரும் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஏழாம் சந்தில் ஆள் இருக்கும்போதே கிரேன் உள்ளே போய்விட்டது.

பெட்டிகளை ரேக்கில் ஏற்றி இறக்கும், ஆள் ஓட்டாத கிரேன் அது. சந்துக்குள் போகிறவர்கள் வாசலில் கார்டு தட்ட வேண்டும், வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். ஆள் கணக்கு பூஜ்யம் ஆனால்தான் கிரேன் நுழையும். உள்ளே பெட்டி சரிபார்த்துக்கொண்டிருந்த மாரம்மா அக்கா ரேக்குக்குள் தாவிப் படுத்து உயிர் தப்பியிருக்கிறார். இடது கை முறிந்துவிட்டது. அலறல் எங்கள் கண்ணாடி அறை வரை கேட்டது. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 21

மாரம்மா கார்டு தட்டவில்லை என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். சந்தில் ஒரே ஆள் என்றுதான் திரை காட்டியதாம் — எதிர்ப் பக்க வாசல் வழியாக வந்த, அக்காவோடு வேலை செய்யும் ராஜலட்சுமி. அவர் வெளியே போனதும் பூஜ்யம். அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தட்டாமல் போகிற ஆளா அவர்? சாப்பிடப் போகும்போதுகூடக் கழுத்திலிருக்கும் கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர்.

என் மேப்பாக இருக்குமோ? இருக்காது. இருக்காது.

பிப்ரவரி 22, சனி

கார்டு ரீடரின் சொந்தப் பதிவை எடுத்துப் பார்த்தேன். யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

10:42:17 — கிழக்கு வாசல், மாரம்மா. 10:42:17 — மேற்கு வாசல், ராஜலட்சுமி.

வாசலுக்கு ஒரு த்ரெட். ஒரே புரோகிராமின் இரண்டு இழைகள்தான், ஆனால் இரண்டும் தன்பாட்டுக்கு வேலை செய்பவை. இரண்டும் ஒரே நேரத்தில் மேப்பைப் பார்த்திருக்கின்றன. அதில் பூஜ்யம். இதுவும் ஒன்றைக் கூட்டி ஒன்று என்று எழுதியது, அதுவும் ஒன்றைக் கூட்டி ஒன்று என்று எழுதியது. உள்ளே இரண்டு பேர், கணக்கில் ஒருத்தர். பழைய மேப் ஒன்றைக் காக்கவைத்துவிட்டு மற்றதை விட்டிருக்கும். நான் போட்டது காக்கவைக்காது. ஒரு த்ரெட் மட்டும் பயன்படுத்தலாம் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. படித்தேன். படித்தும் —

ஆள் கணக்கு மேப்பில் மொத்தமே இருபத்திரண்டு சந்துதான். அதில் மிச்சமாகும் மெமரியே கிடையாது; அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

தொரப்பள்ளிக்கு, மாரம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். வீட்டுக்காரரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி நாற்காலி போடச் சொன்னார்.

"நான் தட்டுனேம்மா. பச்ச லைட்டு வந்துச்சி, பாத்துட்டுதான் உள்ள போனேன். நீ ஆபீஸ்ல இருக்கிற பொண்ணுதானே, கேட்டுச் சொல்லேன்."

வாய் வரை வந்துவிட்டது. "கேக்கறேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் மகள் ஹரிணி கொடுத்த மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. இன்றைக்கும் ஷிப்ட் உண்டு. கிரேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐயோ, நேத்தே தெரியுமே எனக்கு! ஷிப்ட் சூப்பர்வைசர் கோவிந்தன் அண்ணன் நம்பரை எடுத்தேன். எடுத்து என்னன்னு சொல்றது? என்னாலதான்னு சொல்லணுமே. வைத்துவிட்டேன். இறங்கும் வரை போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது அடிக்காத ஒவ்வொரு நிமிஷமும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம்.

பிப்ரவரி 24, திங்கள்

இரண்டு த்ரெட் வைத்துப் பத்தாயிரம் முறை கார்டு தட்டுகிற மாதிரி ஓட்டிப் பார்த்தேன். கணக்கில் முப்பத்தொரு ஆளைக் காணோம்.

திருமலை சாரிடம் காட்டினேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "அறிக்கை பெங்களூர் ஹெட் ஆபீசுக்குப் போயாச்சும்மா. சத்தமில்லாம சரி பண்ணிடு. உன் வேலை, என் வேலை ரெண்டும் இதுல இருக்கு."

"அதுவரைக்கும் கிரேன் ஓடுமா சார்?"

அவர் மறுபடி தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிடங்குக்கு இறங்கிப் போனேன். "கிரேன நிறுத்துங்கண்ணா. ஆள் கணக்கு தப்பா வருது. தப்பு பண்ணது நான்."

கோவிந்தன் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போய் நிறுத்தினார்.

பிப்ரவரி 25

ரீடர் பதிவை இணைத்து நிர்வாகத்துக்கு மெயில் அனுப்பினேன்.

பிப்ரவரி 27

பல த்ரெட் தொட்டாலும் கெடாத மேப் ஒன்றைப் போட்டு ஓட்டினேன். மறுபடியும் ஆட்களைக் காணோம்! சாயங்காலம்தான் புரிந்தது. படிப்பது பத்திரம், எழுதுவதும் பத்திரம். படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில்தான் இன்னொன்று நுழைந்துவிடுகிறது. பார்ப்பது, கூட்டுவது, எழுதுவது மூன்றையும் ஒரே பூட்டுக்குள் வைத்தேன். பத்து லட்சம் முறை ஓட்டினேன். ஒருவர்கூடத் தொலையவில்லை.

நம்பலாமா? போன தடவையும் நம்பத்தானே செய்தேன்.

மார்ச் 10, திங்கள்

விசாரணை முடிந்தது. மாரம்மா மேல் தப்பில்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. எனக்கு மெமோ. இனி இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் நான் எழுதும் எதுவும் ஓடாது. திருமலை சார் என்னிடம் பேசுவதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மாரம்மா அக்கா வேலைக்கு வந்தார். ஏழாம் சந்து வாசலில் நின்றுவிட்டார். உள்ளே போகவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தப்பு பண்ணது நீதானாமே?"

"ஆமாங்க்கா."

"என் வீட்டுக்கு வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அக்கா சந்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "சரியாயிடுச்சின்னு சொல்றாங்க. அப்ப நீ உள்ள நில்லு, பாக்கலாம்" என்றார்.

கோவிந்தன் அண்ணன் நிறுத்தும் பொத்தானில் கை வைத்துக்கொண்டார். அவர் எண்ணிச் சொல்ல, நானும் அக்காவும் இரண்டு வாசலிலும் ஒன்றாகத் தட்டி உள்ளே போனோம். அக்கா திரும்பி, தட்டிவிட்டு வெளியேறினார். நான் மட்டும் உள்ளே. இரண்டு பக்கமும் இரும்பு. கிரேன் சந்தின் முனைக்கு வந்தது. ரேக்கைப் பிடித்துக்கொண்டேன். பத்து லட்சம் முறை ஓட்டிப் பார்த்ததெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகமே வரவில்லை.

நின்றது. அங்கேயே நின்றது.

"போதும், வா வெளிய."

நான் வந்ததும் அக்கா சரிபார்க்க வேண்டிய பெட்டிகளின் பட்டியலை வாங்கிக்கொண்டார், கார்டைத் தட்டினார், உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். கால் மணி நேரம் கழித்து ரேக்குகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"இன்னுமா நிக்கற? போய் வேலையப் பாரு."