சீனிச்சாமி நீட்டிய எலுமிச்சம்பழம்

எம்.எல்.ஏ. விடுதி, சென்னை
12.7.2007

அன்புள்ள வெள்ளைத்தாய்க்கு,

நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பெரிதாக ஒன்றுமில்லை, நேற்று நம் பக்கத்து வயல் சீனிச்சாமி வந்திருந்தான். பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் மகள் பொன்மணியைப் பறிகொடுத்தவன், நிவாரண மனுவோடு எனக்கு எலுமிச்சம்பழமும் நீட்டினான்.

“ஏலே, எனக்கு எதுக்குலே இது?”

“எம்.எல்.ஏ.வ வெறுங்கையோட பாக்க வரலாமாய்யா?”

முன்பெல்லாம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன், நேற்று கடைசிவரை உட்காரவில்லை. நானும் வயலோடு இருந்திருக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது.

மனுவை அமைச்சரிடம் கொடுத்துவிட்டேன். நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் கொடுத்தனுப்பு. சபைக்கு நேரமாகிறது. நீ தினமும் போய் அவன் மனைவி மாடத்தியோடு இரு. அந்தச் சாவு வீட்டுக்கு நான் துட்டி கேட்க வந்தால், அழுகிறவர்களும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

சங்கையா